பெட்டிக்குள்ளயே சுத்தின பக்கற்றும் கோப்பை கழுவின பொடியனும்

எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒரு மெஷின் வேலை செய்யாமல் நிண்டால் "எங்க பிழை?" எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். "ஆர் கை வைச்சது?" எண்டுதான் முதல் கேள்வி வரும். கேள்வி அப்பிடி வந்தால் பதிலும் ஒரு ஆளாத்தான் இருக்கும். அந்த ஆள் அனேகமா அந்த இடத்தில ஆகக் கீழ நிக்கிற ஆள். முதலாளி கை வைச்சதாலதான் பழுதாப் போச்சு எண்டு ஒரு கடையிலயும் தீர்ப்பு வந்ததாய் நான் கேள்விப்படேல்லை.

இந்தப் பதிவு நெற்வேர்க்கைப் பற்றினது. பயப்பிடாதேங்கோ, நான் இஞ்சினியர் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில கணினி படிக்கத் தொடங்கினனான். 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டுப்பட்டதோட படிப்பும் அந்தரத்தில நிண்டுது. பிறகு இஞ்ச வந்து, எட்மண்டனில இருந்துகொண்டு இத்தனை வருசமா ரெஸ்ரோரண்ட் குசினியிலதான் வேலை. இரவு வேலை முடிஞ்சு வந்து நித்திரை வராட்டில் பழைய லப்டொப் ஒண்டில லினக்ஸ் போட்டு அதுக்குள்ள ரெண்டு மூண்டு வேர்ச்சுவல் மெஷின் ஓடவிட்டு விளையாடுறது என்ர பொழுதுபோக்கு. சில பேர் சீட்டு விளையாடுகினம், நான் இதை விளையாடுறன். அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாரியில நான் வேலை செய்யிற இடத்தில நடந்த ஒரு விசயத்தைச் சொல்லுறன். கடையின்ர பேரும் வேண்டாம், மெஷின் குடுத்த கொம்பனியின்ர பேரும் வேண்டாம். இப்பிடி ஆயிரம் கடை இருக்கு, ஆயிரம் கொம்பனி இருக்கு.

கடையில காசு அடிக்கிற ரில் மெஷின் ரெண்டு. படிக்குக் கீழ இருக்கிற அலுமாரிக்குள்ள ஒரு கொம்பியூட்டர். அந்தக் கொம்பியூட்டருக்குள்ள கொம்பனிக்காரர் ஒரு வேர்ச்சுவல் மெஷின் வைச்சுக் குடுத்திருக்கினம். ஒவ்வொரு நாளும் இரவு 2 மணிக்கு அது ரெண்டு ரில்லிட்டயும் போய் அண்டைய கணக்கை எடுத்து வைக்கும். கிழமைக்கு ஒருக்கா மனேஜர் அதைத் திறந்து பாத்து, வற் கணக்குக்குக் குடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தால் அந்தக் கிழமையின்ர நாலு நாள் கணக்கைக் காணேல்லை.

மனேஜர் உடன தீர்ப்புச் சொல்லிப்போட்டார். முதல் நாள் சனிக்கிழமை, எங்களோட கோப்பை கழுவுற பொடியன் அந்த அலுமாரியடியை மொப் போட்டுத் துடைச்சவன். வாளியால வயரை இடிச்சிருப்பான், தண்ணி தெறிச்சிருக்கும். கொம்பனிக்குப் போன் அடிச்சால், அங்க கதைச்ச ஆளும் மெஷினைத் திறந்து பாக்காமலே "வயரை ஆரோ ஆட்டியிருக்கினம், இல்லாட்டில் ரூட்டர் பழுது, ஆள் வந்து புது ரூட்டர் போட 340 பவுண்" எண்டு சொல்லிப்போட்டுது. முதலாளி குசினிக்குள்ள வந்து எல்லாருக்கும் முன்னால பொடியனைப் பாத்து, "உன்ர சம்பளத்திலதான் கழிப்பன்" எண்டார். பொடியன் படிக்க வந்த பிள்ளை. கிழமைக்கு இருபது மணித்தியாலம் வேலை செய்து அறை வாடகை கட்டுறவன். ஒண்டும் கதைக்கேல்லை. கோப்பையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டான்.

நான் முதலாளியிட்ட, "ரூட்டர் மாத்திறதுக்கு முதல் ஒருக்கால் நான் பாக்கட்டோ?" எண்டு கேட்டன். "பார் தம்பி, ஆனால் ஒண்டையும் உடைச்சுப்போடாத" எண்டு சொல்லி, கடவுச்சொல் எழுதின தாளை எடுத்துத் தந்தார்.

முதல் பாத்தது பக்கற்றும் இல்லை, வயரும் இல்லை. நாள்தான். அந்த வேர்ச்சுவல் மெஷின் ஒவ்வொரு இரவும் தான் என்ன செய்தது எண்டு ஒரு கோப்பில எழுதி வைக்கும். கடைசியாக் கணக்கு ஒழுங்கா வந்தது செவ்வாய்க்கிழமை இரவு. புதன்கிழமை இரவில இருந்து ரெண்டு ரில்லும் கிடைக்கேல்லை எண்டு எழுதியிருக்கு. பொடியன் மொப் போட்டது சனிக்கிழமை. மூண்டு நாளைக்குப் பிறகு நடந்த ஒண்டு மூண்டு நாளைக்கு முதல் நடந்ததுக்குக் காரணமா இருக்கேலாது. இதுக்கு நெற்வேர்க் படிப்பு ஒண்டும் தேவையில்லை, கலண்டர் பாக்கத் தெரிஞ்சால் போதும். அதைக்கூட மனேஜரும் பாக்கேல்லை, கொம்பனிக்காரரும் பாக்கேல்லை.

சரி, பொடியன் இல்லை. அப்ப என்ன?

அந்தக் கொம்பியூட்டரில இருந்து ரில்லுக்குப் பிங் அடிச்சன். உடன பதில் வந்துது. அப்ப வயரும் சரி, ரூட்டரும் சரி. அதே கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற வேர்ச்சுவல் மெஷினுக்குள்ள போய் அங்க இருந்து அதே ரில்லுக்குப் பிங் அடிச்சன். "போய்ச்சேர ஏலாது" எண்டு வந்துது. இஞ்ச ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. "ஏலாது" எண்டு சொல்லுறது ஆர் எண்டும் அந்த வரியில இருக்கும். சொன்னது ரூட்டர் இல்லை, 172.18.0.1 எண்ட விலாசம். அந்த விலாசம் ஆரின்ர எண்டு தேடினால், அது அந்த வேர்ச்சுவல் மெஷினின்ரதான்! தானே அனுப்பி, தானே "ஏலாது" எண்டு தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கு.

அதுக்குப் பிறகு "ஐபி ரூட் கெற்" எண்ட கட்டளை. லினக்ஸ் மெஷினிட்ட, "இந்த விலாசத்துக்கு ஒரு பக்கற் தந்தால் நீ எந்த வாசலால அனுப்புவாய்?" எண்டு கேக்கிறதுக்கு இதுதான் வழி. ரில்லின்ர விலாசம் 172.18.0.10. அதைக் குடுத்துக் கேட்டால், வெளிய போற வாசலைச் சொல்லாமல், டொக்கர் எண்ட சொஃப்ற்வெயர் அந்த மெஷினுக்குள்ளயே கட்டி வைச்ச ஒரு பாலத்தைச் சொல்லிச்சுது. வெளி வாசலில "ரிசிபி டம்ப்" போட்டுக் காவல் இருந்தன். ஒரு பக்கற்கூட வெளிய போகேல்லை. உள்பாலத்தில போட்டுப் பாத்தால், "172.18.0.10 ஆர்? 172.18.0.1 இட்ட சொல்லுங்கோ" எண்டு செக்கனுக்கு ஒருக்கால் கூப்பிட்டுக்கொண்டிருக்கு. அங்க அப்பிடி ஒருத்தரும் இல்லை, ஆர் பதில் சொல்லுறது?

நாலு நாளாப் பக்கற் பெட்டியை விட்டு வெளியவே போகேல்லை. ஆனால் குற்றம் மட்டும் குசினி வரைக்கும் போயிட்டுது.

இது எப்பிடி நடந்தது எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்துறன். லண்டனில வாடகைக்கு இருந்த ஆக்களுக்குச் சுகமா விளங்கும். ஒரு வீடு. அதில ஒரு அறையை ஒருத்தருக்கு வாடகைக்குக் குடுக்கினம். வீடுதான் கொம்பியூட்டர், அறைதான் வேர்ச்சுவல் மெஷின். அறையில இருக்கிறவருக்குத் தனிக் கடிதப்பெட்டி, தனிப் பேர், ஆனால் வீட்டின்ர வாசலாலதான் போகவேணும் வரவேணும். பிறகு அறைக்காரர் என்ன செய்யிறார், பிளைவூட் பலகை அடிச்சு அறைக்குள்ள இன்னும் ரெண்டு சின்ன அறை எடுக்கிறார். அதுதான் டொக்கர். அந்தச் சின்ன அறைகளுக்கு நடுவில ஒரு ஓடை வருமெல்லோ, அந்த ஓடைக்கு ஒரு பேர் வைக்கவேணும். அவர் "ஃபோர் ஸ்றீற்" எண்டு வைச்சிட்டார். வெளிய உண்மையான ஃபோர் ஸ்றீற் ஒண்டு எட்மண்டனில இருக்கு எண்டு அவருக்குத் தெரியாது, அறைக்குள்ள இருந்து பாத்தால் அது தெரியிறதும் இல்லை. அதுக்குப் பிறகு அறையில இருந்து ஆர் "ஃபோர் ஸ்றீற் 10 ஆம் நம்பருக்கு" எண்டு கடிதம் எழுதினாலும், அது தபாலுக்குப் போகாமல் அறைக்குள்ள இருக்கிற ஓடையிலயே கிடக்கும்.

டொக்கர் ஏன் அந்தப் பேரை வைச்சது? அதுக்கு நியாயம் இருக்கு. இன்ரநெற் விலாசம் எண்டது 32 பிற், மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். எல்லா மெஷினுக்கும் காணாது. அதால 1996 மாசியில ஒரு ஒழுங்கு எழுதிச்சினம்: 10 இல தொடங்கிறது, 172.16 இல இருந்து 172.31 வரைக்கும், 192.168 இல தொடங்கிறது, இந்த மூண்டு கூட்டமும் தனியார் பாவனைக்கு. ஆரும் தங்கட வீட்டுக்குள்ள பாவிக்கலாம், வெளி உலகத்தில அதுக்குப் பெறுமதி இல்லை. உங்கட வீட்டு ரூட்டரும் என்ர வீட்டு ரூட்டரும் ஒரே 192.168 விலாசத்தில இருக்கிறது இதாலதான். டொக்கர் தன்ர முதல் பாலத்துக்கு வழமையா 172.17 கூட்டத்தை எடுக்கும், அடுத்ததுக்கு 172.18. எடுக்க முதல் தன்ர மெஷினில இருக்கிற பாதைகளோட மோதுதோ எண்டு பாக்கிறதுதான். ஆனால் எங்கட கடையில ரில்லுகள் வேற நெற்வேர்க்கில, ரூட்டருக்கு அங்கால இருந்தது. கார்ட் காசு போற மெஷின்களைப் பிரிச்சு வைக்கிறது நல்ல வழக்கம்தான். அதால வேர்ச்சுவல் மெஷினிட்ட 172.18 பற்றித் தனிப் பாதை ஒண்டும் இல்லை. "தெரியாத எல்லாத்தையும் ரூட்டரிட்ட குடு" எண்ட பொதுப் பாதை மட்டும்தான் இருந்தது. டொக்கருக்கு 172.18 வெறுங்காணியாத் தெரிஞ்சுது, வேலி போட்டிட்டுது.

அந்தப் புதன்கிழமை பகல் கொம்பனிக்காரர் தூரத்தில இருந்து அந்த மெஷினுக்குள்ள ஒரு புது அறிக்கைப் புரோகிராமை டொக்கரில ஏத்தியிருக்கினம். அதுவும் அந்தக் கோப்பிலயே நேரத்தோட எழுதியிருந்தது.

ஒரு மெஷினிட்ட ரெண்டு பாதை இருந்து ரெண்டும் பொருந்தினால், எது கூடக் குறிப்பாச் சொல்லுதோ அதுதான் வெல்லும். இது நெற்வேர்க்கின்ர அடிப்படைச் சட்டம். "எல்லாத்தையும் ரூட்டரிட்ட குடு" எண்டதைவிட "172.18 முழுக்க இந்தப் பாலத்துக்கு" எண்டது குறிப்பானது, அதால அது வெண்டுது. உண்மை எது, பொய் எது எண்டு மெஷின் பாக்காது. ஆர் கூடக் குறிப்பாச் சொல்லுகினமோ அவையை நம்பும். இதை வாசிக்கேக்க உங்களுக்கு வேற ஞாபகமும் வரலாம். "அவன்தான், சனிக்கிழமை, மொப்போட, அலுமாரியடியில" எண்டு மனேஜர் சொன்னதும் சரியான குறிப்பாத்தான் இருந்தது.

இந்தச் சட்டம் ஒரு அலுமாரிக்குள்ள மட்டும் விளையாடுற விளையாட்டில்லை. 2008 மாசி 24 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, உலகம் முழுக்க யூரியூப் நிண்டது சில பேருக்கு ஞாபகம் இருக்கும். பாகிஸ்தான் அரசாங்கம் யூரியூப்பைத் தடுக்கச் சொல்லிச்சுது. பாகிஸ்தான் ரெலிகொம், தன்ர நாட்டுக்குள்ள வாற பக்கற்றுகளைத் திருப்பிவிட, யூரியூப்பின்ர ஒரு விலாசக் கூட்டம் தங்களிட்ட இருக்கு எண்டு அறிவிச்சுது. அந்த அறிவிப்பு நாட்டுக்குள்ள நிக்கேல்லை. ஹொங்கொங்கின்ர பிசிசிடபிள்யூ நிறுவனம் அதை வாங்கி உலகத்துக்கே சொல்லிச்சுது. யூரியூப் அறிவிச்சு வைச்சிருந்தது 1024 விலாசம் கொண்ட ஒரு கூட்டம். பாகிஸ்தான் சொன்னது அதுக்குள்ள 256 விலாசம் மட்டும். சின்னது, கூடக் குறிப்பானது. லண்டன் நேரம் பின்னேரம் 6.47 க்குத் தொடங்கினது, அந்த 256 ஐ ரெண்டா உடைச்சு 128, 128 ஆ யூரியூப் திருப்பி அறிவிச்சு, கடைசியில பிசிசிடபிள்யூ இரவு 9.01 க்கு அந்தப் பாதையை எடுத்த பிறகுதான் ஒழுங்காச்சுது.

இந்தியாவிலயும் நடந்தது. 2021 சித்திரை 16 ஆம் திகதி வொடபோன் ஐடியாவின்ர நெற்வேர்க், தன்ர இல்லாத 30,000 க்கும் மேற்பட்ட விலாசக் கூட்டங்களைத் தன்ர எண்டு அறிவிச்சு, உலகத்துப் பக்கற் எல்லாம் அங்க போய் மோதிச்சுது. 1997 சித்திரையில அமெரிக்காவில ஒரு சின்ன நிறுவனத்தின்ர ரூட்டர் இதே வேலையைச் செய்து இன்ரநெற்றின்ர பெரிய பகுதியைக் குழப்பினது. இப்ப "இந்த விலாசத்தை அறிவிக்க இந்த நெற்வேர்க்குக்குத்தான் உரிமை" எண்டு கையெழுத்து வைச்சுச் சரிபாக்கிற முறை வந்திருக்கு, ஆனால் எல்லாரும் இன்னும் பாவிக்கேல்லை.

நான் சொல்ல வாறது இதுதான். அந்த நேரங்களில யூரியூப்பில வேலை செய்யிற கோப்பை கழுவுற ஆளை ஒருத்தரும் பிடிக்கேல்லை. பாதையைப் பாத்திச்சினம். எங்க இருந்து எங்க போகுது, எந்த இடத்தில திரும்புது எண்டு நிமிசக் கணக்கில எழுதி வைச்சிச்சினம். அதாலதான் இண்டைக்கு நான் எட்மண்டனில இருந்து 6.47, 9.01 எண்டு எழுதக்கூடியதா இருக்கு.

அப்பிடிப் பாக்காமல் விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு இந்த நாட்டிலயே பெரிய பாடம் இருக்கு. தபால் கந்தோர்களுக்குக் குடுத்த ஹொறைசன் எண்ட கொம்பியூட்டர் முறை. காசு குறையுது எண்டு மெஷின் சொல்லிச்சுது, மெஷின் பிழைவிடாது எண்டு மேலிடம் சொல்லிச்சுது. 1999 க்கும் 2015 க்கும் இடையில 900 க்கும் மேற்பட்ட தபால் கந்தோர் நடத்தின ஆக்களுக்குக் களவு, கள்ளக்கணக்கு எண்டு தண்டனை குடுத்திச்சினம். எங்களைப் போல ஆசிய ஆக்கள் அதில கனபேர். சறேயில தபால் கந்தோர் நடத்தின சீமா மிஸ்ரா 2010 இல சிறைக்குப் போகேக்க கர்ப்பிணி. 2019 மார்கழியில உயர் நீதிமன்றம் அந்த மெஷின் முறையிலதான் பிழைகள் இருந்தது எண்டு தீர்ப்புச் சொல்லிச்சுது. சீமா மிஸ்ராவின்ர தண்டனையை 2021 இலதான் ரத்துச் செய்திச்சினம். 2024 இல பாராளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்து மற்ற ஆக்களை விடுவிச்சுது. அங்க நடந்த பிழை வேற மாதிரிப் பிழை, பக்கற் பாதை மாறினது மட்டுமில்லை. ஆனால் மனுசர் நடந்த விதம் ஒண்டுதான். உள்ளுக்குப் பாக்க வசதி இருந்தவை பாக்கேல்லை. பாக்க வசதியே இல்லாத ஆக்களைப் பிடிச்சுக் கட்டச் சொல்லிச்சினம்.

எங்கட கடையில 340 பவுண்தான். சிறை இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின்ர வாடகை அது.

இன்னொண்டையும் சொல்லவேணும், கனபேருக்குத் தெரியாது. பிரித்தானியாவில 1996 ஆம் ஆண்டின்ர தொழில் உரிமைச் சட்டத்தின்படி, சட்டத்தில இல்லாமல், ஒப்பந்தத்தில இல்லாமல், முன்கூட்டியே நீங்கள் எழுத்தில சம்மதிக்காமல் உங்கட சம்பளத்தில முதலாளி தன்ர பாட்டுக்குக் கழிக்கேலாது. "உடைச்சாய், கழிப்பன்" எண்டு வாயால சொல்லிறதால அது சட்டமாகாது. இதை நான் முதலாளிக்கும் மெல்லமாச் சொன்னனான். அவருக்கு அது பிடிக்கேல்லை, எண்டாலும் கேட்டார்.

நான் சொன்னதுக்கு மறுப்பும் இருக்கு, அதையும் பாப்பம். முதலாளி கேட்டார்: "தம்பி, எனக்கு இதெல்லாம் தோண்டிக்கொண்டிருக்க நேரம் எங்க? ரூட்டரை மாத்தினால் முடிஞ்சுது." இதில கொஞ்சம் உண்மை இருக்கு. சில நேரம் பழைய சாமானைத் தூக்கி எறியிறது தேடுறதைவிட மலிவு. ஆனால் இஞ்ச ரூட்டரை மாத்தியிருந்தால் 340 பவுணும் போயிருக்கும், கணக்கும் வந்திருக்காது, ஏனெண்டால் பக்கற் ரூட்டர் வரைக்கும் போகவே இல்லை. அடுத்த கிழமை வயரை மாத்தச் சொல்லியிருப்பினம். அதுக்கடுத்த கிழமை லைனை மாத்தச் சொல்லியிருப்பினம். நான் பாத்து முடிக்க எடுத்தது ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

இன்னொரு மறுப்பு: "பிழை எப்பவும் உள்ளுக்குத்தானோ?" இல்லை. 2008 தை 30 ஆம் திகதி எகிப்தின்ர அலெக்சாந்திரியாவுக்குக் கிட்டக் கடலுக்கடியில ரெண்டு கேபிள் அறுந்து இந்தியா, எகிப்து, வளைகுடா நாடுகள் எல்லாம் இன்ரநெற் இல்லாமல் கஷ்டப்பட்டது. அண்டைக்கு ஒருத்தர் தன்ர வேர்ச்சுவல் மெஷினுக்குள்ள தேடியிருந்தால் விடியும் வரைக்கும் தேடவேண்டியதுதான். பாத்திட்டுச் சொல்லுங்கோ எண்டுதான் நான் சொல்லுறன். உள்ளயோ வெளியயோ எண்டு பக்கற்தான் சொல்லவேணும், போனில கதைக்கிற ஆள் இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளையள் செயற்கை அறிவிட்டக் கேக்கிறாங்கள். நல்லது, நானும் கேக்கிறனான். அது பத்துக் காரணம் சொல்லும், பத்தும் நியாயமாத்தான் இருக்கும். ஆனால் பத்தில எது எண்டு உங்கட மெஷின்தான் சொல்லும். ஆளிட்டக் கேட்டாலும் மெஷினிட்டக் கேட்டாலும், வாசலில நிண்டு பாக்கிற வேலை எங்களுக்கு மிஞ்சித்தான் இருக்கும்.

கடையில கடைசியா என்ன செய்தன் எண்டும் சொல்லிவிடுறன். யூரியூப்காரர் செய்த அதே வேலைதான், ஆகச் சின்ன அளவில. டொக்கர் 172.18 முழுக்க, அதாவது 65,536 விலாசத்துக்கு வேலி போட்டிருந்தது. நான் ரெண்டு ரில்லின்ர ரெண்டு விலாசத்துக்கு மட்டும் தனித்தனியா, "இது ரூட்டரிட்ட" எண்டு ரெண்டு பாதை எழுதினன். ஒரு விலாசத்தைவிடக் குறிப்பானது ஒண்டும் இல்லை, அதால அது வெண்டுது. கணக்கு எடுக்கிற ஸ்கிரிப்ற் டொக்கருக்கு வெளிய, மெஷினில நேரடியா ஓடுறதால இது போதுமா இருந்தது. விட்டுப்போன நாலு நாளும் ரில்லுகளில அப்பிடியே இருந்தது, வந்து சேந்துது. இது தற்காலிக வேலைதான், மெஷின் நிண்டு எழும்பினால் போயிடும். சரியான வைத்தியம் டொக்கரின்ர பாலத்துக்கு வேற விலாசக் கூட்டம் குடுத்து, பழைய பாலத்தைக் கழட்டிப்போட்டுத் திருப்பிக் கட்டிறது. அது கொம்பனியின்ர வேலை. என்ன கண்டது, எந்த வாசலில கண்டது, எத்தனை மணிக்கு எண்டு அரைப்பக்கத்தில எழுதி மனேஜரைக் கொண்டு அனுப்புவிச்சன். ரெண்டு நாளில மாத்திச்சினம். "அப்டேற் செய்தாச்சு" எண்டு ஒரு வரி வந்துது. 340 பவுண் பில் வரேல்லை.

பொடியனிட்ட ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை. முதலாளி, "சரி சரி, வேலையைப் பார்" எண்டார். மனேஜர் அதுவும் சொல்லேல்லை. எனக்கு இந்தக் கதையில ஆகக் கவலை அதுதான். பக்கற் வழிமாறினால் திருத்த ஒரு கட்டளை இருக்கு. குசினியில பத்துப் பேருக்கு முன்னால சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க, சொன்ன ஆள் அதே பத்துப் பேருக்கு முன்னால வாய் திறக்கவேணும். கடை வைச்சிருக்கிற ஆக்கள் இதை வாசிச்சால் தயவுசெய்து யோசிச்சுப் பாருங்கோ. பிழை சொல்லேக்க எத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்களோ, பிழையில்லை எண்டு தெரிஞ்சாப் பிறகும் அத்தனை பேருக்கு முன்னால சொல்லவேணும்.

அடுத்த முறை உங்கட கடையில, வீட்டில, கோயில் கந்தோரில மெஷின் நிண்டால் நாலு கேள்வி கேளுங்கோ. கடைசியா எப்ப வேலை செய்தது? எங்க இருந்து வேலை செய்யுது, எங்க இருந்து வேலை செய்யேல்லை? மெஷினே, நீ எந்த வாசலால அனுப்புறாய்? அந்த வாசலால போச்சுதோ, பதில் வந்துதோ? முதல் ரெண்டு கேள்வியும் ஆரும் கேக்கலாம். மற்ற ரெண்டுக்கும் பதில் எடுக்கத் தெரியாட்டில், ஆள் வந்து காசு கேக்கேக்க அவரிட்ட இந்த நாலுக்கும் பதிலை எழுத்தில கேளுங்கோ. எழுதித் தர ஏலாத ஆளுக்கு ஏன் காசு?

இளம் பிள்ளையளுக்கு: இதெல்லாம் படிக்க ஆயிரக்கணக்கில காசு கட்டி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. ஒரு பழைய லப்டொப், லினக்ஸ், வேர்ச்சுவல் பொக்ஸ், எல்லாம் இலவசம். ரெண்டு மெஷின் செய்து ஒண்டில டொக்கர் போட்டு, நான் சொன்ன இதே மோதலை நீங்களே உண்டாக்கிப் பாருங்கோ. உடைஞ்சால் பழைய நிலைக்குத் திருப்பலாம், ஒருத்தரின்ர சம்பளமும் கழியாது. அந்தப் பொடியன் இப்ப அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். போன கிழமை இரவு ஒரு மணிக்குப் போன் அடிச்சு, "அண்ணை, ரெண்டு மெஷினுக்கும் ஒரே விலாசம் வருது, ஒண்டைப் பாத்துத்தான் மற்றதைக் கொப்பி பண்ணினான்" எண்டான். கொப்பி பண்ணேக்க மெஷினின்ர அடையாள இலக்கமும் சேந்து கொப்பியாகும், விலாசம் குடுக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒருத்தராத்தான் தெரியும் எண்டு சொல்ல வாய்திறந்தனான், பிறகு சொல்லேல்லை. "எந்த வாசலில பாத்தனி?" எண்டு கேட்டன். பாத்திட்டு எடுக்கிறன் எண்டு வைச்சிட்டான்.

எனக்கு வேலைக்கு நேரமாச்சு. வாறன்.